இடக்கண்ணில் இருந்த இரும்பு

பாய்லர் செய்யும் பட்டறையில் முப்பத்து நான்கு வருடம் வெல்டராக இருந்தவர் அவர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ‘நூல்’. இரண்டு தகடுகளை அவர் பற்றவைத்தால் அந்த வெல்டு நூல் பிடித்த மாதிரி போகும். அதைப் பார்த்துவிட்டு ஒரு ஃபோர்மேன் விளையாட்டாக வைத்த பெயர், ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் அவரை விடவில்லை. பால் வாங்கப் போகிற இடத்தில்கூட அதுதான் பெயர்.

அந்தப் பட்டறையில் யார் வேலையையும் வாய்ப்பேச்சை நம்பி ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பாய்லருக்குள் நீராவி அழுத்தம் ஏறும்போது வெல்டில் கடுகளவு ஓட்டை இருந்தாலும் உயிர் போய்விடும். அதனால் ஒவ்வொரு வெல்டையும் கதிர் பாய்ச்சிப் படம் எடுப்பார்கள். மஞ்சள் கயிறு கட்டி, விசில் ஊதி, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு எடுக்கிற படம் அது. மறுநாள் காலையில் வெளிச்சப் பெட்டியின் மேல் பிலிமை வைத்து இன்ஸ்பெக்டர் பார்ப்பார். கறுப்புப் புள்ளி தெரிந்தால் உள்ளே காற்று தங்கியிருக்கிறது என்று அர்த்தம். வெட்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். நூலின் பிலிம்களில் புள்ளி தெரிவது அபூர்வம். இன்ஸ்பெக்டர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தே பிலிம் படிக்கக் கற்றுக்கொண்டவர் நூல்.

அறுபத்து நாலாவது வயதில் அவருக்குச் சிறுநீர் போவதில் தொல்லை வந்தது. போய்விட்டு வந்த கையோடு மறுபடி போக வேண்டும் போலிருக்கும். வயசானால் எல்லாருக்கும் வருவதுதான் என்று எட்டு மாதம் தள்ளிப்போட்டார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள்தான் பிடிவாதமாக ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாலுக்குள் இருக்க வேண்டிய பி.எஸ்.ஏ. எண் பதினான்கு இருந்தது. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். புராஸ்டேட்டில் புற்றுநோய். இன்னும் வெளியே பரவவில்லை என்றுதான் தோன்றியது.

கதிர்வீச்சு டாக்டர் ஒரு காகிதத்தில் படம் வரைந்து சொன்னார். “மூத்திரப் பைக்கு அடியில, நெல்லிக்காய் அளவுல இருக்கிற சுரப்பி இது. உங்களுக்குக் கொஞ்சம் பெருசாயிருக்கு. நடுவுல மூத்திரக் குழாய் போகுது. பின்னாடி மலக்குடல் ஒட்டிக்கிட்டு இருக்கு. நாங்க மெல்லிசான ஊசிங்களைச் சுரப்பிக்குள்ள இறக்கி, அதுவழியா கதிர்ப்பொருளை உள்ளேயே அனுப்பி, கொஞ்ச நேரம் நிக்க வெச்சு வெளிய எடுத்துடுவோம். வெளியிலேருந்து கதிர் பாய்ச்சுறதைவிடக் குறிபார்த்து அடிக்கலாம். ஆனா எங்க அடிக்கணும்னு சரியாத் தெரியணும். அதுக்கு முதல்ல ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துக்குவோம்.”

“கதிர்ப்பொருள்னா என்னங்க?” என்று நூல் கேட்டார்.

“இரிடியம்.”

நூல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்க யார்டுல படம் எடுக்கிறவங்க கொண்டுவர்றதும் அதுதாங்க. பெட்டியைப் பார்த்தாலே பத்தடி தள்ளிப் போவோம்.”

“அதே சாமான்தான். உங்களை நாங்க தள்ளிப் போக விட மாட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம்,” என்றார் டாக்டர். மகள் சிரித்தாள். நூலும் சிரித்து வைத்தார்.

எம்.ஆர்.ஐ. எடுக்கும் நாளில் மகள் கூட வந்திருந்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு படிவத்தை அவள் வாசிக்க வாசிக்க, இவர் பதில் சொன்னார். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறதா? இல்லை. காதுக்குள் கருவி? இல்லை. எலும்பில் கம்பி, தகடு? இல்லை. கண்ணில் எப்போதாவது உலோகத் துகள் பட்டதுண்டா?

“இல்ல,” என்றார் நூல். மற்ற பதில்களை விடச் சற்று வேகமாகவே சொன்னார்.

மகள் குறி போட்டாள். அவர் உள்ளே போய் ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிக்கொண்டு வந்தார். ஸ்கேன் எடுக்கும் பெண் படிவத்தைப் பார்த்தாள். பிறகு அவருடைய கைகளைப் பார்த்தாள். முழங்கை வரை சின்னச் சின்னதாக வெள்ளைத் தழும்புகள், அரிசி சிதறின மாதிரி.

“என்ன வேலை பார்த்தீங்க ஐயா?”

“வெல்டிங்.”

“எத்தனை வருஷம்?”

அவர் சொன்னார். அவள் படிவத்தைப் பலகையோடு மேசையில் வைத்துவிட்டாள். “கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வந்துடலாம். அஞ்சு நிமிஷம்தான்.”

“அதெல்லாம் எதுக்கும்மா? இல்லன்னுதான் எழுதியிருக்கே.”

“எழுதாதவங்க கண்ணுலயும் இருந்திருக்கு. உள்ளே இருக்கிறது சாதாரண காந்தம் இல்ல. கண்ணுக்குள்ள இரும்பு இருந்தா அதை இழுத்துத் திருப்பிடும்.”

நூல் சுவரில் சாய்ந்து நின்றார். அங்கியின் நாடா அவிழ்ந்து தொங்கியது. எக்ஸ்ரேயில் இடது கண் குழிக்குள் எள்ளளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. எலும்பைவிட வெளுப்பாக, ஓரங்கள் கூர்மையாக. அதைப் படித்துச் சொல்ல அவருக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “உங்களுக்குத் தெரியுமாங்க ஐயா?”

“தெரியும்.”

அந்தக் கதை இதுதான். அப்போது அவருக்கு முப்பத்து மூன்று வயது. மகள் பிறந்து எட்டு மாதம். உயர் அழுத்த வெல்டர் என்ற தரம் கைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வெல்டின் மேல் படிந்த கசடைச் சுத்தியலால் தட்டி எடுக்கும்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். புழுக்கம் தாங்கவில்லை, அதனால்தான். ஏதோ சுருக்கென்றது. தண்ணீர் விட்டுக் கழுவினார். வலி அடங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்துப் பார்வையில் புகை படர்ந்த மாதிரி இருந்தது. யாருக்கும் தெரியாமல் மூன்று பஸ் மாறி, தூரத்தில் இருந்த ஒரு கண் டாக்டரைப் போய்ப் பார்த்தார். உள்ளே இரும்பு இருக்கிறது, உடனே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கண் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுவிடும் என்றார் அந்த டாக்டர்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் விடுப்பு எடுக்க வேண்டும். விடுப்புக்குக் காரணம் சொல்ல வேண்டும். கண்ணாடி போடாமல் வேலை செய்ததும் தெரிந்துவிடும், கண்ணில் அடிபட்டதும் தெரிந்துவிடும். இரண்டு கண்ணும் சரியாக இல்லாதவனுக்கு அந்தத் தரம் கிடையாது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு வெல்டிங் ராடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நாளைக்குப் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று நாட்களைக் கடத்தினார். ஒரு வருடத்துக்குள் இடது கண்ணில் வெளிச்சம் தவிர வேறு எதுவும் தெரியாமல் போயிற்று.

அதன் பிறகு இருபத்து நாலு வருடம் ஒற்றைக் கண்ணால் வெல்டு வைத்தார். தூரம் கண்ணுக்குப் பிடிபடாததால் கையால் அளந்துகொண்டார். ராடின் நுனி தகட்டைத் தொடும் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டார். வருடா வருடம் நடக்கும் கண் பரிசோதனைக்கு, சுவரில் மாட்டியிருக்கும் பலகையின் எழுத்துகளை வலது கண்ணால் பார்த்து மனப்பாடம் செய்துவிடுவார். வலது கண்ணை மூடச் சொன்னதும் கடகடவென்று ஒப்பிப்பார். ஒரு வருடம், இவர் வலது கண்ணை மூடிய பிறகு பலகையையே மாற்றிவிட்டார்கள். அது தெரியாமல் இவர் பழைய எழுத்துகளை ஒரு தப்பில்லாமல் சொல்லி முடித்தார். சோதிக்க வந்தவர் தலையைத் தூக்காமல், “அடுத்த ஆளு,” என்றார். வெளியே வந்து குழாயடியில் நூல் இரண்டு தடவை முகம் கழுவினார்.

வீட்டிலும் சொல்லவில்லை. முதலில் மனைவி பயப்படுவாள் என்று சொல்லாமல் இருந்தார். பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்று சொல்லாமல் இருந்தார். அப்புறம் அது சொல்ல முடியாத விஷயமாகவே ஆகிவிட்டது.

இப்போது எம்.ஆர்.ஐ. நின்றுபோன காரணம் மகள் மூலமாக வீட்டுக்கும் தெரிந்தது. அவர் மனைவி தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டாம் தடவை கேட்கிற வழக்கமில்லாதவர். அன்று மாலை அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து, அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“நிஜமா?”

“ம்.”

“எத்தனை வருஷமா?”

“பாப்பா கைக்குழந்தையா இருந்தப்போலேருந்து.”

மனைவியின் அடுத்த கேள்வி அவர் எதிர்பார்த்தது அல்ல. “அந்தக் கண்ணோடதான் அவளை ஸ்கூட்டர்ல முன்னாடி நிக்க வெச்சுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?”

“மெதுவாத்தான் ஓட்டினேன்.”

“மெதுவாத்தான் ஓட்டினீங்க.” அந்த வார்த்தைகளை அப்படியே திருப்பிச் சொன்னார் மனைவி. “இடது பக்கத்துலேருந்து ஒரு லாரி வந்திருந்தா?”

நூல் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

“வேலைக்காக மறைச்சது எனக்குப் புரியுது. நானும் சம்பாதிச்சவதான். தரம் போனா என்னன்னு எனக்கும் தெரியும். ஆனா என்கிட்ட எதுக்கு? நான் என்ன இன்ஸ்பெக்டரா?” எழுந்து உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு பல நாள், சாப்பாடு எடுத்து வைத்திருக்கு, மாத்திரை போட்டாச்சா என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. தனக்குப் புற்றுநோய் என்று தெரிந்த நாளில்கூட வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததாக நூலுக்கு நினைவில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். டாக்டரோடு அன்று இன்னொருவரும் இருந்தார். ஊசி எங்கே போக வேண்டும், கதிர் எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்று கணக்குப் போடுகிற மருத்துவ இயற்பியலாளர். ஐம்பதை நெருங்கிய அம்மா. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரை பிசிக்ஸ் மேடம் என்பார்கள். சட்டைப் பையில் ஒரு சிறிய இரும்பு ஸ்கேல் செருகியிருந்தது.

கண்ணிலிருந்து இரும்பை எடுத்துவிட்டு எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்ளலாமே என்றாள் மகள். “எல்லாத்தையும் முழுசாப் பார்த்துட்டே பண்ணலாம் சார். ரெண்டு மாசம் தள்ளிப்போனா என்ன?”

“ரெண்டு மாசத்துல பெருசா ஒண்ணும் ஆயிடாது,” என்று டாக்டர் ஒப்புக்கொண்டார். “ஆனா கண் டாக்டர்கிட்ட பேசினேன். இத்தனை வருஷம் உள்ளே இருந்த இரும்பு, துருப்பிடிச்சுப் போயிருக்கும். முழுசா வந்துடும்னு அவரால சொல்ல முடியல. ஒரு துணுக்கு தங்கிட்டாலும் எம்.ஆர்.ஐ. கிடையாது. பார்வையும் திரும்பாது.”

“அப்ப வேற எந்தப் படம்?” என்று நூல் கேட்டார். “சும்மா எதையோ வெச்சுப் பண்ண முடியாதே.”

பிசிக்ஸ் மேடம் அவரைக் கூர்ந்து பார்த்தார். “வாங்க, காட்டுறேன்,” என்று தன் அறைக்கு அழைத்துப் போனார். ஜன்னல் இல்லாத அறை. இரண்டு பெரிய திரைகள், குளிருக்குப் போர்த்திக்கொள்ள நாற்காலி முதுகில் ஒரு சால்வை. சி.டி. ஸ்கேனும் அல்ட்ராசவுண்டும் முன்பே எடுத்திருந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இது சி.டி. எலும்பு பளிச்சுனு தெரியுது. நாங்க இறக்குற ஊசியும் இதுல பளிச்சுனு தெரியும். ஆனா சுரப்பி எங்க முடியுது, மூத்திரப் பை எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க.”

நூல் வலது கண்ணைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனார். சாம்பல் நிறத்துக்குள் சாம்பல் நிறம். “ஓரமே இல்லையேம்மா. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலங்கிக் கிடக்கு.”

“அதேதான். ஓரம் தெரியாதப்போ எதையும் விட்டுடக் கூடாதுன்னு கை தானாப் பெருசா வரையும். இதுல நான் வரைஞ்சப்போ சுரப்பி ஐம்பத்தெட்டு மில்லி வந்துச்சு. இந்த அல்ட்ராசவுண்டுல பாருங்க, ஓரம் தெரியுதா?”

“தெரியுது.”

“இதுல வரைஞ்சா நாற்பத்து நாலு. நடுவுல இருக்கிற பதினாலு மில்லி உங்க சுரப்பியே இல்ல. மலக்குடலும் மூத்திரப் பையும்தான். சி.டி.யை மட்டும் நம்பினா, நோயே இல்லாத இடத்தைச் சுட்டுடுவேன்.”

“எங்க இன்ஸ்பெக்டரா இருந்தா அந்தப் பிலிமுக்குக் கையெழுத்துப் போட மாட்டார்.”

“நானும் போடலியே,” என்றார் அவர்.

நூல் யோசித்தார். “எம்.ஆர்.ஐ. இருந்திருந்தா இன்னும் என்ன தெரிஞ்சிருக்கும்?”

மேடம் மழுப்பவில்லை. “நோய் சுரப்பிக்குள்ள சரியா எந்த மூலையில இருக்குன்னு தெரிஞ்சிருக்கும். சுரப்பியோட மேலுறையைத் தாண்டிக் கசிய ஆரம்பிச்சிருக்கான்னு தெரிஞ்சிருக்கும். இப்ப அது ரெண்டும் எனக்குச் சரியாத் தெரியாது. சதை எடுத்த எடத்துல எதுல நோய் இருந்துச்சுங்கிற குறிப்பு இருக்கு. அதை வெச்சு வலது பக்கம் கொஞ்சம் கூடுதலாக் கொடுப்பேன். ஆனா தெரிஞ்சு கொடுக்கிறது வேற, கணிச்சுக் கொடுக்கிறது வேற. அதை நீங்க தெரிஞ்சுக்கணும்.”

நூல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அல்ட்ராசவுண்டுலயே பண்ணிடுங்கம்மா,” என்றார். மகளுக்கு மனசே இல்லை. வழி நெடுகிலும் அவள் பேசவில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒருவர் பேசாமல் இருந்தார்.

சிகிச்சை நாளன்று காலையில் மனைவி அவருடைய துண்டு, செருப்பு, மாத்திரை எல்லாவற்றையும் பையில் வைத்து, பையைத் தானே தூக்கிக்கொண்டார். “நீங்களும் வர்றீங்களாம்மா?” என்று மகள் கேட்டதற்கு, “நான் வராம?” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டார்கள். கால்களைத் தூக்கிக் கட்டினார்கள். அல்ட்ராசவுண்டு கருவியைப் பின்வழியாக உள்ளே வைத்தார்கள். மானத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும் என்று நூல் முன்பே மனசைத் தேற்றி வைத்திருந்தார். இருந்தும் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் திரையைப் பார்த்துப் பார்த்து, துளைகள் போட்ட ஒரு பலகை வழியாக ஒவ்வொரு ஊசியாக இறக்கினார். மொத்தம் பதினாறு. நூலுக்கு வலி தெரியவில்லை. யாரோ பக்கத்து அறையில் கதவைத் தள்ளுகிற மாதிரி ஒரு அமுக்கம் மட்டும்.

பதினாறாவது ஊசி போனதும் அறையில் பேச்சு மாறியது. அவருக்கு எல்லாம் காதில் விழுந்தது.

“பின் வரிசை ஊசிங்க முன் வரிசையை மறைக்குது,” என்றார் பிசிக்ஸ் மேடம். “எட்டு, ஒன்பது, பத்து, மூணுக்கும் நுனி எங்கன்னு உறுதியாச் சொல்ல முடியல. நிழல் விழுது.”

“சி.டி.க்குக் கொண்டுபோயிடலாமா? ஊசி நுனி பளிச்சுனு தெரிஞ்சுடும்,” என்றார் டாக்டர்.

“தெரியும். ஆனா கட்டில் மாத்தி, காலை இறக்கி, அங்கே போய்ச் சேர்றதுக்குள்ள ஊசி கீழே இறங்கிடும் சார். நாலஞ்சு மில்லிமீட்டர் சாதாரணமா இறங்குது. அப்புறம் ஓரம் வேற தெரியாது. தெரிஞ்ச ஊசியையும் தெரியாத சுரப்பியையும் வெச்சு நான் என்ன பண்றது?”

“அப்ப?”

“வெளிய நீட்டிக்கிட்டிருக்கிற நீளத்தை அளக்கிறேன். எல்லா ஊசியும் ஒரே நீளம்தானே. வெளிய எவ்வளவுன்னு தெரிஞ்சா உள்ள எவ்வளவுன்னு தெரிஞ்சுடும். பதினாறையும் அளக்கணும். நேரம் ஆகும்.”

டாக்டர் மயக்க மருந்து கொடுப்பவரைப் பார்த்தார். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மரமரப்பு தாங்கும் என்றார் அவர். ஆனால் நோயாளி அசையக் கூடாது.

பிசிக்ஸ் மேடம் நூலின் தலைமாட்டுக்கு வந்து குனிந்தார். “கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க? இன்னும் ஐம்பது நிமிஷம். இருமக்கூடக் கூடாது. முடியுமா?”

“பாய்லர் குழாய்க்குள்ள படுத்துக்கிட்டு ஆறு மணி நேரம் வெல்டு வெச்சிருக்கேன். நீங்க நிதானமாப் பாருங்கம்மா. அவசரப்பட வேணாம்.”

மேடம் தன் இரும்பு ஸ்கேலைக் கொதிக்க வைத்துத் துடைத்துத் தரச் சொன்னதாகவும், நர்ஸ் அதைவிடச் சுத்தமான வேறொன்றைக் கொண்டுவந்து கொடுத்ததாகவும் பிறகு சொல்லிச் சிரித்தார்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை. மேடம் எண்ணைப் படிப்பார், நர்ஸ் திருப்பிச் சொல்லி எழுதுவார். ஒன்று, எழுபத்திரண்டு. இரண்டு, எழுபத்தொன்று. சில ஊசிகளை இரண்டு முறை அளந்தார். நூல் கூரை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கு நுனியில் அரித்தது. சொறியவில்லை.

ஒன்பதாவது ஊசியில் மேடம் நிறுத்தினார். மறுபடி அளந்தார். “சார், இது அறுபத்தஞ்சு. திரையில நாம பார்த்துக்கிட்டிருக்கிற புள்ளி இதோட நுனி இல்ல. எட்டாவதோட எதிரொலி. இது ஆறு மில்லிமீட்டர் கூடுதலா உள்ள இருக்கு.”

டாக்டர் குனிந்து பார்த்தார். “பை வரைக்கும் போயிருக்கு,” என்றார் மெதுவாக. திரையில் தெரிந்த புள்ளியை நம்பி இரிடியத்தை அனுப்பியிருந்தால் மூத்திரப் பையின் கழுத்தில் போய் நின்றிருக்கும். அந்த இடம் வெந்தால் ஆறுவதற்கு வருடங்கள் ஆகும். சில பேருக்கு ஆறுவதே இல்லை. டாக்டர் ஒன்பதாவது ஊசியை ஆறு மில்லிமீட்டர் வெளியே இழுத்து நிறுத்தினார். மேடம் மறுபடி அளந்து, எழுபத்தொன்று என்று சொன்னார். பிறகு பத்தாவது ஊசிக்குப் போனார்.

கணக்கு முடிந்ததும் ஊசிகளை இயந்திரத்தின் குழாய்களோடு இணைத்துவிட்டு எல்லோரும் வெளியேறினார்கள். தடித்த கதவு மூடிக்கொண்டது. யார்டில் விசில் ஊதியதும் கயிற்றுக்கு வெளியே போய் நின்று டீ குடித்த நாட்கள் நூலுக்கு நினைவு வந்தன. இத்தனை வருடமும் கயிற்றுக்கு வெளியே நின்ற ஆள், இன்று உள்ளே தனியாகக் கிடந்தார். இயந்திரம் கிர்ரென்று ஓடி, கொஞ்சம் நின்று, மறுபடி ஓடியது. பயமாக இருந்ததா என்று பிற்பாடு மகள் கேட்டபோது, பயம் இல்லை, ஆனால் யாராவது ஒருவர் அறையில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். பதினேழு நிமிடம் அப்படிக் கிடந்தார்.

வார்டுக்கு வந்ததும் மனைவி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். டியூபில் சிறுநீர் ரத்தச் சாயலோடு இறங்கியது. பிசிக்ஸ் மேடம் எட்டிப் பார்த்து, ஒன்பதாவது ஊசியைப் பற்றி எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டுப் போனார். மனைவி அதைக் கேட்டுவிட்டுப் போர்வையை இழுத்து அவர் காலை மூடினார்.

“அந்தம்மா அதைச் சொல்லாமலே போயிருக்கலாம்,” என்றார். “யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”

நூலுக்கு யாரைச் சொல்கிறார் என்று புரிந்தது. “சொல்லியிருக்கணும்,” என்றார். “உன்கிட்டயாவது சொல்லியிருக்கணும். தப்புதான்.”

“தப்புதான்,” என்றார் மனைவி. “தண்ணி குடிங்க. நிறையக் குடிக்கணும்னு நர்ஸ் சொல்லியிருக்கு.”

இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறையும் அதே மாதிரி செய்தார்கள். அந்த முறை கேட்காமலே பதினாறு ஊசிகளையும் அளந்தார்கள். எதுவும் இடம் மாறியிருக்கவில்லை.

அதற்குப் பின் வந்த மாதங்கள் சுலபமாக இல்லை. சிறுநீர் போகும்போது எரிந்தது. நாலு மாதம் வீட்டை விட்டுத் தூரம் போக முடியவில்லை. ஆண் பெண் உறவு முன்போல் இல்லாமல் போனது. அதை டாக்டரிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. மனைவிதான் அடுத்த முறை போனபோது, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு நேராகக் கேட்டார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சில நேரம் அது உதவியது, சில நேரம் உதவவில்லை. “இதையாவது நீங்க மறைக்க முடியாது பாருங்க,” என்று மனைவி ஒரு தடவை சொன்னார். இருவரும் சிரித்துவிட்டார்கள். கூடத்தில் மறுபடியும் பேச்சு புழங்க ஆரம்பித்தது.

மகள் மட்டும் நெடுநாள் ஆறவில்லை. ஸ்கூட்டர் விஷயம் அவளைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. படிவத்தைத் தன் கையால் எழுத வைத்துப் பொய்க் குறி போட வைத்தார் என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. “அந்தப் பொண்ணு உங்க கையைப் பார்க்காம விட்டிருந்தா? உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா, குறி போட்டது நான்தானேப்பா?” என்று ஒரு நாள் மருந்துக்கடை வாசலிலேயே கேட்டுவிட்டாள். உள்ளே போயிருந்தால் இரும்பு திரும்பிக் கண்ணுக்குள் ரத்தம் கொட்டியிருக்கும், கண்ணையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று அவள் படித்து வைத்திருந்தாள். நூல் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

பதினான்காக இருந்த ரத்தப் பரிசோதனை எண் ஆறு மாதத்தில் மூன்றானது. ஒரு வருடத்தில் ஒன்றுக்குக் கீழே வந்தது. அதற்குப் பிறகு ஒரு தடவை இரண்டுக்கு ஏறி எல்லோருடைய தூக்கத்தையும் கெடுத்தது. எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் தெரிந்திருக்குமோ, கணிப்பு தப்பிவிட்டதோ என்று மறுபடி சோதிக்கும்வரை மூன்று மாதமும் பிசிக்ஸ் மேடம் நூலின் சிகிச்சைத் திட்டத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்ததாக டாக்டர் சொன்னார். சிலருக்கு அப்படி ஏறி இறங்குவதுண்டு என்றார். அடுத்த பரிசோதனையில் தானாக இறங்கிவிட்டது. மூன்றாவது வருட முடிவில் பூஜ்யம் புள்ளி இரண்டு. இனி வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார்கள்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தபோது மணி பதினொன்று. பஸ் இப்போதுதான் போனது என்றார் பெட்டிக்கடைக்காரர். அடுத்தது வர அரை மணி ஆகும். வெயில் அவ்வளவு இல்லை. “நடந்துடலாமா?” என்று மனைவி கேட்டார். நடந்தார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. மனைவி பெட்டிகளை எண்ணிக்கொண்டு வந்தார். நாற்பத்திரண்டு என்றார். நூல் நாற்பத்தொன்று என்றார். அதைப் பற்றி வீடு வரைக்கும் விவாதம் நடந்தது.